ஒரு நாளும் தவறாதவள்

நெதியல்கா உருப்பட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம், ஒரு சண்டை கிடையாது. சண்டை ஏன் வரப்போகிறது? தெருவிலேயே பெரிய சோம்பேறி அவள். தெருவிலேயே சுறுசுறுப்பானவள் நான். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் வைத்தவள் இந்த வெலிக்கா. அவளோ பழங்களைப் புட்டியில் அடைக்கும் ஆலையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆலையை மூடியதும் அதையும் விட்டுவிட்டுக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள்.

அவள் வீட்டுக் கொடியில் திங்கட்கிழமை போட்ட துணி வியாழக்கிழமையும் தொங்கும். பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போவாள், தீய்ந்த வாடை என் வீடுவரை வரும். நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். எட்டு வருஷத்துக்கு முன் திராட்சை அறுக்கும் சமயத்தில் அவள் புருஷன் போன்சோ போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு எழுந்து முகம் கழுவுவதுகூட அபூர்வமாகிவிட்டது.

எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. பல்கேரியாவில் எந்தப் பழைய தெருவுக்குப் போனாலும் இருக்கும். அதற்குத் தாழ்ப்பாள் வைக்க மாட்டோம். வைத்தால் இனி உன் வீட்டுச் சாவுக்குக்கூட வரமாட்டேன் என்று சொன்னதாக அர்த்தம். அந்தக் கதவு வழியாகத்தான் நான் அவளுக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் சூப் கொண்டுபோனேன். "ஐயோ பாவம் நெதியல்கா" என்று தெருவெல்லாம் சொல்வேன். ஒருத்தியைப் பாவம் பார்ப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்பதை அது கையைவிட்டுப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஜூலையில் குழாய் மாற்ற மூன்று நாள் தண்ணீரை நிறுத்தினார்கள். ஊரே காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து ஊற்றுக்குப் போனது. என் வீட்டுக்காரர் ஸ்தோயிலும் பத்து கேன்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டு போனார். "உனக்கும் ரெண்டு கேன் கொண்டாறோம்டி" என்று சுவர்க்கதவில் நின்று நெதியல்காவிடம் சொன்னவள் நான்தான். மறந்துபோனவளும் நான்தான். மறுநாள் காலை அவள் ஒரு காலி சோடா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கி நடந்தாள். ஒன்றரை கிலோமீட்டர் தூரம், மாதா கோவிலைத் தாண்டினால் முழுக்க ஏற்றம். பதினொரு மணிக்குத்தான் திரும்பினாள், முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கும் அவள் பாட்டிலோடு கிளம்பினாள்.

"ஏண்டி, குழாய்லதான் தண்ணி வருதே, இப்ப எதுக்குப் போற?"

"நேத்துப் போனேன்ல அக்கா, அதான்."

இது ஒரு பதிலா? நான் இதைத் தெருப்பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வெளி பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கும்போது அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று பந்தயம் வைத்தோம். பத்து நாள் என்றேன் நான்.

பனி பெய்தது, போனாள். புனித நிக்கோலாஸ் திருநாளில் ஊரே மீன் வறுத்துக்கொண்டிருக்கும்போது போனாள். பல் பிடுங்கிய மறுநாள் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். கோவில் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று திரும்பி வரும்வரை சிகரெட் பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். பிறகு காபிவரை, பிறகு மதியச் சாப்பாடுவரை என்று அது தள்ளிப்போய், இரண்டாவது வருஷம் பாக்கெட்டையே காணவில்லை. "விட்டுட்டியா?" என்று கேட்டால், "விடலை அக்கா, இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கலை" என்பாள். எப்படி எரியும் எனக்கு!

ஒரு கையில் மட்டும் பாட்டில் இருந்தால் உடம்பு சாய்கிறது என்று இரண்டாவது பாட்டிலையும் தூக்க ஆரம்பித்தாள். ஒருத்திக்கு எதற்கு மூன்று லிட்டர்? அந்த இரண்டாவதைத் தினமும் என் சமையலறைப் படியில் வைத்துவிட்டுப் போவாள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அதில் போட்ட காபியைக் குடித்துவிட்டு ஸ்தோயில், "என்ன இன்னைக்குக் காபி இவ்வளவு நல்லாருக்கு?" என்றார்.

"முப்பது வருஷமா நல்லாத்தான் இருக்கு. உன் நாக்குக்கு இப்பத்தான் உசுரு வந்திருக்கு" என்றேன்.

ஊற்றில் வரிசையில் நிற்கும் பெண்கள் அவளுக்குத் தக்காளி நாற்று கொடுத்தார்கள். நட்டாள். நாற்று இருந்தால் களை எடுக்க வேண்டும், எடுத்தாள், நாளுக்கு ஒரு பாத்தி. வேலியில் வாரத்துக்கு ஒரு பலகை மாற்றினாள். வசந்தத்தில் மரத்தடிக்குச் சுண்ணாம்பு பூசுவோமே, அதை நாங்களெல்லாம் ஒரு சனிக்கிழமை இடுப்பொடிய முடிப்போம். அவள் தினம் ஒரு மரம் பூசினாள். இடுப்பு வலியும் இல்லை, முனகலும் இல்லை. கொடியில் துணி மாலைக்குள் மடிக்கப்பட்டது. கன்னத்தில் நிறம் வந்தது. பேக்கரியில் என்னைப் பார்த்தவர்கள் "நெதியல்கா எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பைப் புகழத்தான் அதைச் சொல்வது. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அதைத் தினமும் பார்க்க வேண்டியவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரேயடியாக ஏதாவது பெரிதாகச் செய்திருந்தால், கடன் வாங்கி வீடு கட்டினாள், பணக்காரனைப் பிடித்தாள் என்று ஒரு குறை சொல்லியிருக்கலாம். பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தவளை என்னவென்று சொல்வது?

சரி, இதுவரைக்கும் சின்னப் பொறாமை. அதோடு நின்றிருந்தால் இதைச் சொல்லவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பரில் ஸ்தோயிலுக்குப் பக்கவாதம் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், கடைத்தெருவுக்குக்கூட நடந்து போனதில்லை. உயிர் பிழைத்தார். வலது காலும் வலது கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எல்லாம் நான்தான். முகம் வழித்துவிடுவது, சட்டைப் பொத்தான் போடுவது, ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்து ஊட்டுவது. அவர் கையை எடுத்தாலே, "விடு, நான் பண்றேன்" என்று ஓடுவேன். ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை உருண்டு கட்டிலுக்கடியில் போனது. மூன்றாம் தடவை நான் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நடக்கச் சொன்னார்கள். முதல் வாரமே வராந்தாப் படியில் விழுந்தார். அதோடு அதுவும் போதும் என்றேன்.

"வெலிக்கா மாதிரி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பா?" என்றது தெரு. அந்த வார்த்தைக்காக நான் இன்னும் பத்து வருஷம் ஊட்டியிருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன். பஸ் ஓட்டிய காலத்தில் அவர் ஊரெல்லாம் சுற்றுவார், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

நெதியல்கா காலை ஏழு மணிக்குப் போகும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்து, "போயிட்டு வரேன் ஸ்தோயில் அண்ணா" என்பாள். எட்டே முக்காலுக்குத் திரும்பும்போது "வந்துட்டேன் அண்ணா" என்பாள். அவ்வளவுதான். வா என்று கூப்பிட்டதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. நான் அப்போது கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டோ சீஸ் வைத்துச் சுடும் பனிட்சாவுக்கு மாவைத் தேய்த்துக்கொண்டோ இருப்பேன். ஏப்ரலில் ஒரு நாள் எட்டிப் பார்த்தால் அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "காத்து வாங்கறேன்" என்றார். மறுவாரம் எதிர்வீட்டு வால்நட் மரத்தடியில் நின்று காற்று வாங்கினார். கோடையில் பேக்கரிவரை போய்விட்டார். ஒரு நாள் கக்கத்தில் ரொட்டியோடு வந்து நின்றார்.

"விழுந்தா யாரு தூக்கறது? நான்தானே சாகணும்?"

"விழலையே."

"நாளைக்கு விழுந்தா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். குரல் அவருடையது, பேச்சு அவளுடையது. அண்ணாவாம் அண்ணா! முப்பத்தேழு வருஷம் நான் கத்தியும் சோபாவிலிருந்து எழுந்திருக்காத மனுஷன், ஒருத்தி தெருவில் நடந்து போவதைப் பார்த்து எழுந்துவிட்டார். சந்தேகம் எனக்குக் கிடையாது. அறுபத்தெட்டு வயசில் என்ன கூத்து நடக்கப்போகிறது? அவள் அவரைத் தொட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தொடாமலே நடக்க வைத்துவிட்டாள், அதுதான் வலித்தது.

குளிர்காலத்துக்குள் கோவில்வரை போனார். வலது கையில் ஒரு காலி பாட்டில் வேறு. அவள்தான் விரல்களில் மாட்டிவிடுகிறாள், சும்மா ஒரு அழகுக்கு, என்று நினைத்துக்கொண்டேன். பிப்ரவரியில் ஊற்றையே எட்டிவிட்டார், காலி பாட்டில் ஒரு விரல் உயரத் தண்ணீரோடு திரும்பியது. இரண்டு வாரம் கழித்து இரண்டு விரல். நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பார், நான் ஊட்டுவேன்.

இந்த வருஷம் மார்ச் முதல் தேதி நான் எப்போதும் போல் சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கி, நீல மணி ஒன்றைக் கோத்து அவர் இடது மணிக்கட்டில் கட்டினேன். எனக்கும் ஒன்று. எங்கள் நாட்டில் எல்லோரும் கட்டிக்கொள்வோம். பூத்த மரத்தை முதல்முதலாகப் பார்க்கும்போது அதை அவிழ்த்து அந்த மரத்திலேயே கட்டிவிட வேண்டும். நானும் ஸ்தோயிலும் கல்யாணமான வருஷத்திலிருந்து எங்கள் தோட்டத்துச் செர்ரி மரத்தில்தான் கட்டுவோம். ப்ளம் மரம் செர்ரிக்கு ஒரு வாரம் முந்திப் பூத்துவிடும். அதனால் வழியில் ப்ளம் பூவைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு வருவோம், நம் மரம் பூக்கட்டும் என்று. பூத்ததும் அவர் மணிக்கட்டை நீட்டுவார். நான் நூலை வெட்டி இரண்டையும் ஒரே கிளையில் கட்டுவேன்.

மார்ச் இருபத்துமூன்றாம் தேதி சட்டை மாற்றும்போது பார்க்கிறேன், மணிக்கட்டு மொட்டையாக இருக்கிறது.

"நூல் எங்க?"

"மரத்துல கட்டியாச்சு."

"எந்த மரத்துல?"

"ஊத்துக்கிட்ட ஒரு ப்ளம் மரம் பூத்துருச்சு வெலிக்கா. வந்து பாரேன்."

சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கமாகக் கோணும் அந்தச் சிரிப்பு. எனக்குத் தலைக்குமேல் ரத்தம் ஏறியது. இடது மணிக்கட்டில் என் கையால் போட்ட இரட்டை முடிச்சு அது. அவிழ்க்க வலது கை வேண்டும். அந்த வலது கையால் அவருக்கு ஸ்பூன் பிடிக்க வராது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படியானால் அவிழ்த்தது யார்? கட்டியது யார்?

பஸ்ஸில் ஏறி ஊற்றுக்குப் போனேன். குழாய்களுக்குப் பின்னால் அந்த மரம் வெள்ளை வெளேரென்று நின்றது. தாழ்ந்த கிளையில் என் நீல மணி தொங்கியது. அதை உரசிக்கொண்டு தடித்த கம்பளி நூலில் இன்னொன்று. அந்தக் கம்பளியும் எனக்குத் தெரியும், நெதியல்காவின் பழைய ஸ்வெட்டர். இரண்டும் ஒரே கிளையில். முப்பத்தேழு வருஷம் நான் செய்த வேலையை அவள் விரல்கள் செய்திருக்கின்றன. அங்கேயே நின்று அழுதேன். தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தி, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்காலத்தில் எரித்தது போக மிச்சமிருந்த விறகையெல்லாம் கொட்டகையிலிருந்து இழுத்தேன். சுவர்க்கதவுக்கு முன்னால் என் மார் உயரத்துக்கு அடுக்கினேன். மதியத்திலிருந்து சாயங்காலம்வரை ஆனது. ஸ்தோயில் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரு கேட்டது. "கதவை அடைச்சுட்டாளாம், வெலிக்கா கதவை அடைச்சுட்டாளாம்" என்று மூன்று தெருவுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை நெதியல்கா தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் பாட்டிலை வைத்தாள். அவள் கண்ணெதிரே அதைத் திறந்து கோழிகளுக்கு ஊற்றினேன். திரும்பிப் போய்விட்டாள். மறுநாளும் பாட்டில் வந்தது. அதையும் கொட்டினேன். அதற்கு மறுநாளும் வந்தது.

ஸ்தோயில் போகவில்லை. போகாதே என்று நான் சொல்லவும் இல்லை. ஏழு மணிக்கு அவள் குரல் தெருவில் கேட்கும், அவர் எழுந்திருக்க மாட்டார். சட்டையை எடுத்துக்கொண்டு போனால் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஊட்டினால் சாப்பிடுவார். என் புருஷன் எனக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்துவிட்டார். ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? நான் அதற்காகக் காத்திருந்தேன். பத்தாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தபோது அவர் வலது கால் தரையை இழுத்தது. வராந்தாவரை வந்து, பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நாற்காலி போடு" என்றார்.

அன்றைக்குத்தான் பயந்தேன். அந்தப் பயத்தோடு நேராகத் தெருவுக்குப் போனேன். நெதியல்கா இரண்டு பாட்டிலோடு ஏற்றத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். நடுத்தெருவில் வழிமறித்தேன்.

"என்னடி மருந்து வச்ச என் புருஷனுக்கு? நீ கூட்டிட்டுப் போனா நடக்கறார், என்கிட்ட இருந்தா படுத்துக்கறார். அவர் கையில நான் கட்டின நூலை அவிழ்க்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் பாட்டில்களைக் கீழே வைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் வழியில் நின்று நான் பார்த்ததில்லை.

"நான் அவிழ்க்கலை அக்கா."

"பின்ன யாரு, கோவில்ல இருக்கற மாதாவா?"

"அண்ணனே அவிழ்த்தார். அரைமணி நேரம் ஆச்சு. விரல்ல முடிச்சு சிக்கலை, பல்லால இழுத்தார், மறுபடி விரலால பிரிச்சார். கிளையில கட்டும்போது ரெண்டு தடவை நழுவிச்சு. எடுத்துக் குடுக்கக் குனிஞ்சேன், 'தொடாதே'ன்னு ஒரு அதட்டு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவர் கை எட்டற உசரத்துல நான் கட்டியிருந்த அந்த ஒரு கிளைதான் இருந்துச்சு, அதான் ரெண்டும் ஒண்ணா இருக்கு."

அவள் நிறுத்தவில்லை.

"எல்லாரும் பாக்கணும்னு இல்ல, உங்களை மட்டும் கூட்டிட்டு வந்து காட்டணும்னார். வழியெல்லாம் அதையே சொல்லிட்டு வந்தார், 'வெலிக்கா நம்பவே மாட்டா, வெலிக்கா நம்பவே மாட்டா'ன்னு."

"பொத்தான்கூட போட வராத கை..." என்றேன்.

"போட விட்டாத்தானே வரும்?" அவள் முகம் சிவந்தது. "எனக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேக்கும் அக்கா. என்கிட்ட என்ன மருந்துன்னு கேக்கறீங்க. நான் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஊத்துக்குப் போறேன், அவ்வளவுதான். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'விடு, நான் பண்றேன்'னு சொல்றீங்க, எண்ணிப் பாத்திருக்கீங்களா? காலையில எழுந்ததுலேர்ந்து ஆரம்பிப்பீங்க. காய்ச்சல் வந்தன்னைக்குக்கூட நீங்க அதை விட்டதில்லை. நானாவது ஊத்துக்கு ரெண்டு நாள் போகாம இருந்திருக்கேன்."

பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றை என் வாசலில் வைத்துவிட்டுத்தான் போனாள், சண்டாளி.

நான் வீட்டுக்குப் போய்ச் சூப் வைத்தேன். ரொட்டியைப் பிய்க்க அவர் கையை நீட்டினார். நீட்டியதை நான் பார்ப்பதற்குள், "விடு, நான்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கை அப்படியே மேசைக்கடியில் போனது. இரண்டு வருஷமாக அந்தக் கை எத்தனை தடவை மேசைக்கடியில் போயிருக்கும்! அதற்கு முன்னாலும்தான். ஆணி அடிக்கப் போனால், இப்போது வெளியூரில் இருக்கும் மகனுக்குச் சின்ன வயசில் கஞ்சி ஊட்டப் போனால், கடையில் துணி எடுக்கப் போனால். சோபாவோடு ஒட்டிக்கொண்ட மனுஷன் என்று ஊரெல்லாம் நான் திட்டிய அந்த மனுஷனை உட்கார வைத்தவளும் நான்தான். நெதியல்கா ஆறு வருஷத்தில் தன்னை மாற்றிக்கொண்டாள். நான் முப்பத்தேழு வருஷத்தில் அவரை மாற்றியிருந்தேன். அவளைவிட ஒழுங்காக.

மறுநாள் காலை சட்டையை நாற்காலியின் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பொத்தான் ஒன்று மாறி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றார். என் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"அந்தக் கதவுகிட்ட இருந்து விறகை எடுக்கணும்" என்றேன்.

"யாரு எடுக்கறது?"

"நீதான். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு." பொய்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். நான் வராந்தாவில் நின்றேன். முதல் கட்டையை இடது கையால் எடுத்தார், யோசித்தார், வலது கைக்கு மாற்றினார். அது நழுவிக் காலுக்கருகில் விழுந்தது. விழுந்ததும் என் உடம்பு ஓரடி முன்னால் போய்விட்டது, வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். அவர் குனிந்து எடுத்தார். கொட்டகைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். கோணலாக வைத்தார். அதன்மேல் இன்னொன்று, அதைவிடக் கோணல். அப்படி அடுக்கினால் நாளைக்கே சரியும் என்று குருடனுக்குக்கூடத் தெரியும். விழுங்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

"போயிட்டு வரேன் ஸ்தோயில் அண்ணா. என்ன அங்க சத்தம்?"

"உன் கதவைத் தோண்டி எடுக்கறேன்!" என்று கத்தினார் இவர். கத்திவிட்டுச் சிரித்தார். பஸ் ஓட்டிய காலத்துச் சிரிப்பு. எனக்காக அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று! அவள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், நாளைக்கும் இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன்.

ஆறாவது கட்டையோடு அவர் நின்றார். நெற்றியில் வேர்வை. திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மறைந்து ஒரு கவலை வந்தது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து வராந்தாப் படி ஏறி வந்தார். வலது கையைத் தூக்கி, நடுங்க நடுங்க என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"வெலிக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா? காலையிலேர்ந்து ஒரு தடவைகூட 'விடு, நான் பண்றேன்'னு சொல்லலையே நீ?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று, கையை மட்டும் நீட்டி விறகைக் காட்டினேன்.